யமாஷிரோ 1485: இரண்டு படைகளை வெளியே அனுப்பிய மாகாணம்

1485ஆம் ஆண்டின் இறுதியில், ஜப்பானின் யமாஷிரோ மாகாணத்தில், தலைநகர் கியோட்டோவுக்குத் தெற்கே மூன்று வட்டங்களில் வாழ்ந்தவர்கள் தங்கள் வயல்களில் முகாமிட்டிருந்த இரண்டு படைகளையும் கிளம்பச் சொன்னார்கள். இரண்டும் கிளம்பின. அதற்குப் பிறகு ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் அந்தப் பகுதியை ஆளுநரும் இல்லை, ஷோகனின் ஆளும் இல்லை, ஊர்க்காரர்களே நடத்தினார்கள். 1493இல் அது முடிந்தது.

இதைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெயர் தெரியாதவர்கள். முன்னின்ற சிறு வீரர் குடும்பங்கள் 36 என்று ஒரு கணக்கு வழங்குகிறது. அவர்களுக்கு வெளியே திரண்டு நின்ற விவசாயிகளை யாரும் எண்ணக்கூட இல்லை. அவர்கள் எடுத்த முடிவுகளையும், அந்த முடிவுகள் எங்கே கொண்டுபோய் விட்டன என்பதையும் வரிசையாகப் பதிவு செய்வதே இந்த ஆய்வின் வேலை. வீரர் ஆட்சி என்றாலே மேலிருந்து கீழே பாயும் அதிகாரம் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. அந்த அதிகாரம் கீழே இருப்பவர்களின் ஒத்துழைப்பை எவ்வளவு நம்பியிருந்தது என்பதை இந்த நிகழ்வு போல வெளிச்சமாகக் காட்டுவது வேறொன்றை நான் பார்த்ததில்லை.

பின்னணி: ஒரு வாரிசுச் சண்டை

ஷோகன் என்பவர் நாட்டின் இராணுவ ஆட்சியாளர். ஆஷிகாகா குடும்பத்து ஷோகன்கள் 14ஆம் நூற்றாண்டிலிருந்து கியோட்டோவில் இருந்து ஆண்டுவந்தார்கள். மாகாணங்களை ஷுகோ எனப்படும் இராணுவ ஆளுநர்கள் கவனித்தார்கள். ஷோகனுக்கு அடுத்த இடமான கன்ரேய் பதவியை மூன்று குடும்பங்கள் மட்டுமே வகிக்க முடியும். அதில் ஒன்று ஹதகெயாமா.

அந்த வீட்டில்தான் பிரச்சினை ஆரம்பித்தது. தலைவர் மொச்சிகுனி முதலில் தம்பியை வாரிசு என்றார். அப்புறம் 1448இல் மனம் மாறி, தன் மகன் யோஷினாரியை அந்த இடத்தில் வைத்தார். வீட்டு வீரர்களில் ஒரு பகுதியினர் இதை ஏற்கவில்லை. தம்பியின் மகன்கள் பக்கம் நின்றார்கள். அந்த மகன்களில் ஒருவர்தான் மசனாகா. ஷோகன் யோஷிமாசா ஒரு நேரம் இவரை ஆதரிப்பார், இன்னொரு நேரம் அவரை ஆதரிப்பார். 1467ஆம் ஆண்டின் முதல் மாதத்தில் கியோட்டோவின் காமிகோரியோ கோயில் தோப்பில் யோஷினாரியும் மசனாகாவும் மோதினார்கள். ஓனின் போர் அங்கே தொடங்கியது.

போரைப் பற்றி இங்கே அதிகம் சொல்லத் தேவையில்லை. கிழக்குப் படைக்கு ஹொசோகாவா கத்சுமோத்தோ, மேற்குப் படைக்கு யாமானா சோசென். இருவரும் 1473இல் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். சண்டை அதற்குப் பிறகும் ஓயவில்லை. 1477இல் மேற்குப் படையினர் ஊருக்குத் திரும்பியபோது தலைநகரின் பெரும்பகுதி சாம்பலாகியிருந்தது.

நம் நிகழ்வுக்கு முக்கியமானது இதுதான்: போர் முடிந்தது என்று அறிவித்தார்களே தவிர, அதைத் தொடங்கிய இருவரும் சமாதானம் ஆகவில்லை. யோஷினாரி சரணடையாமல் கவாச்சி மாகாணத்துக்குப் போய் அதைத் தன் கையில் வைத்துக்கொண்டார். பக்கத்து யமாத்தோவிலும் அவர் கை ஓங்கியது. மசனாகாவிடம் கன்ரேய் பதவியும் யமாஷிரோவின் ஆளுநர் பட்டமும் இருந்தன. ஒருவரிடம் காகிதம், இன்னொருவரிடம் நிலம். இருவரும் சந்திக்கும் இடமாகத் தெற்கு யமாஷிரோ ஆனது.

இடமும் ஆட்களும்

தெற்கு யமாஷிரோ என்பது கிசு ஆற்றின் சமவெளி. குசே, த்சுசுகி, சோராகு என்று மூன்று வட்டங்கள். கியோட்டோவிலிருந்து நாராவுக்குப் போகும் சாலை இதன் வழியேதான் போகிறது. மரமும் அரிசியும் ஆற்றில் வரும், அங்கிருந்து பொதிக்குதிரைகளில் ஏறும். பொதிக்குதிரைக்காரர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. 1428இல் ஓமி மாகாணத்தின் பொதிக்குதிரைக்காரர்கள் கடன் தள்ளுபடி கேட்டுக் கிளப்பிய கலகம் நாரா வரை பரவியது. நாடு தோன்றிய நாள்முதல் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தது இதுவே முதல் தடவை என்று நாராவின் பிட்சு ஒருவர் எழுதிவைத்தார். அந்த நினைவு இந்தப் பகுதியில் ஆறிப்போயிருக்க வாய்ப்பில்லை.

நிலத்தின் மேலுரிமை கோயில்களிடமும், தலைநகரில் வாழ்ந்த பிரபுக்களிடமும் இருந்தது. ஊரில் இருந்து தண்டல் வாங்கி அனுப்புவது, சச்சரவு தீர்ப்பது, காவல் காப்பது எல்லாம் உள்ளூர் வீரர்கள். இவர்கள் சாமுராய்கள்தான், ஆனால் மாளிகையில் வாழ்ந்தவர்கள் இல்லை. சொந்த வயலும் சிறு அகழி சூழ்ந்த வீடும் வைத்துக்கொண்டு, கூடவே ஒரு பெரிய குடும்பத்துக்கு ஆளாகவும் இருந்தவர்கள். சிலர் மசனாகாவின் ஆட்கள், சிலர் யோஷினாரியின் ஆட்கள், கணிசமானோர் ஹொசோகாவாவின் ஆட்கள். இந்தக் கடைசித் தகவலை வாசகர் மறக்காமல் வைத்திருக்க வேண்டும். முடிவை அதுதான் தீர்மானித்தது.

விவசாயிகளும் அப்போது சிதறிக் கிடந்தவர்கள் அல்ல. தலைநகரைச் சுற்றிய மாகாணங்களில் கிராமங்கள் தாங்களே கூடி, கோயில் முற்றத்தில் சட்டம் எழுதும் வழக்கம் வேரூன்றியிருந்தது. ஓமி மாகாணத்தின் இமாபோரி கிராமம் 1489இல் எழுதிய விதிகள் இன்றும் கிடைக்கின்றன. பொறுப்பேற்க ஆள் இல்லாமல் வெளியூர்க்காரரை ஊரில் தங்கவைக்கக் கூடாது என்று ஒரு விதி. நாய் வளர்க்கக் கூடாது என்று இன்னொரு விதி. நாய் விஷயம் வரை உட்கார்ந்து பேசி எழுதிய ஊர், பெரிய விஷயங்களில் வாய்மூடி இருந்திருக்கும் என்று நினைக்க முடியாது.

1485 இலையுதிர்காலம்: களத்தில் கண்டது

அந்த ஆண்டு மசனாகா தரப்பின் முக்கியமான ஒரு வீரர் யோஷினாரி பக்கம் தாவினார். அதையொட்டி இரண்டு பக்கமும் படை திரட்டி, 10ஆம் மாதத்தில் தெற்கு யமாஷிரோவில் எதிரெதிரே முகாமிட்டன. யமாத்தோ மாகாணத்து வீரர்களும் இரண்டாகப் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் வந்து சேர்ந்தார்கள்.

பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. அதுதான் மோசம். இரண்டு படைகளும் அறுபது நாட்களுக்கு மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தன. முகாமிட்ட படைக்குச் சோறு வேண்டும், விறகு வேண்டும், பொதி சுமக்க ஆள் வேண்டும், காவல் அரண் கட்ட மரம் வேண்டும். அந்தக் காலத்துப் படைகளுக்கு இவை எல்லாம் முகாமிட்ட ஊரிலிருந்தே வர வேண்டும். அறுவடை முடிந்து தானியம் வீட்டுக்கு வரும் பருவம் வேறு. கியோட்டோ - நாரா சாலையில் போக்குவரத்து நின்றது. பொதிக்குதிரைக்காரர்களுக்கு வேலை இல்லை. கோயில்களுக்குத் தண்டல் போகவில்லை.

இதோடு சுங்கச்சாவடிகள். யார் கையில் வழி இருக்கிறதோ அவர் ஒரு சாவடி போட்டுக் காசு வாங்குவார். முன்னாள் ஷோகன் யோஷிமாசாவின் மனைவி ஹினோ தொமிகோவே அரண்மனைப் பழுதுபார்ப்பைக் காரணம் காட்டிக் கியோட்டோவின் நுழைவாயில்களில் சாவடி அமைத்தார். 1480இல் கூட்டம் அவற்றை உடைத்துப்போட்டது. சாவடி என்பது அந்தக் காலத்து மக்களுக்கு நேரடியாக வயிற்றில் அடிக்கும் விஷயம்.

உள்ளூர் வீரர்களின் நிலைமை மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது போல. மேலே இருக்கும் தலைவர் ஆள் கேட்கிறார், கீழே இருக்கும் விவசாயி இனி தர ஒன்றும் இல்லை என்கிறார். எதிர் முகாமில் இருப்பவர் பக்கத்து ஊர்க்காரர். இந்தச் சண்டையில் எந்த ஹதகெயாமா ஜெயித்தாலும் உள்ளூர் வீரருக்கு ஒரு பிடி நிலம்கூடக் கூடப்போவதில்லை.

12ஆம் மாதக் கூட்டம்

பழைய நாட்காட்டியின் 12ஆம் மாதம் 11ஆம் நாள் அவர்கள் கூடினார்கள். நமக்கு இதைச் சொல்வது ஜின்சொன் என்ற பிட்சுவின் நாட்குறிப்பு. நாராவின் கோஃபுகுஜி ஆலயத்தில் தாய்ஜோ-இன் மடத்தின் தலைவராக இருந்தவர் அவர். தலைநகரின் பெரும் பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர், அந்த ஆலயத்துக்குத் தெற்கு யமாஷிரோவில் நிலங்கள் உண்டு. ஆக, அவர் நடுநிலை சாட்சி இல்லை. ஆனால் காதில் விழுவதை எல்லாம் நாள் தவறாமல் எழுதிவைத்தவர்.

மாகாணத்து வீரர்கள் ஒன்றுகூடினார்கள், மூத்தவருக்கு 60 வயது, இளையவருக்கு 15, 16 என்று கேள்விப்பட்டதாக அவர் எழுதுகிறார். மாகாணம் முழுவதிலுமிருந்து விவசாயிகளும் திரண்டார்கள் என்றும் சேர்த்துக்கொள்கிறார். வயதைக் கவனிக்க வேண்டும். 15 முதல் 60 என்பது அந்தக் காலத்தில் ஆயுதம் தூக்க அழைக்கும் வயது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பெரியவர் வந்து பேசிவிட்டுப் போன கூட்டம் இல்லை அது. சண்டை போடக்கூடிய ஒவ்வொரு ஆணும் வந்திருந்தான். பிறகு யாரும் எனக்கு இதில் பங்கில்லை என்று நழுவ முடியாது.

இத்தகைய கூட்டமைப்புகளை இக்கி என்பார்கள். பொதுவாக உறுதிமொழியை எழுதிக் கையொப்பமிட்டு, அதை எரித்து, சாம்பலைக் கோயில் நீரில் கலந்து எல்லாரும் ஒரே கிண்ணத்தில் குடிப்பார்கள். அதற்குப் பிறகு பிரிந்துபோனால் தெய்வக் குற்றம்.

இதைக் கேள்விப்பட்ட ஜின்சொனின் எதிர்வினை இரண்டு துண்டாக இருக்கிறது. அவர்கள் செய்வது நியாயமே என்கிறார். அதே மூச்சில், கீழே இருப்பவர்கள் மேலே இருப்பவர்களை மிஞ்சுவதன் உச்சம் இது என்றும் எழுதுகிறார். நிலம் திரும்பக் கிடைக்கும் என்பதால் முதல் பாதி. யார் திருப்பித் தருகிறார்கள் என்று யோசித்ததால் இரண்டாம் பாதி.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

இரண்டு படைத்தலைவர்களுக்கும் போன நிபந்தனைகள் சுருக்கமானவை. ஹதகெயாமா படைகள் இரண்டும் இனி மாகாணத்துக்குள் வரக் கூடாது. கோயில்களும் பிற உரிமையாளர்களும் இழந்த நிலங்கள் முன்புபோல அவர்களுக்கே திரும்ப வேண்டும். புதிய சுங்கச்சாவடிகள் கூடவே கூடாது. நிலங்களுக்கு மேலாளராக யமாத்தோ முதலான வெளி மாகாணத்து ஆட்களை நியமிக்கக் கூடாது என்பதும் பதிவாகியிருக்கிறது. கேட்காமல் நிற்கும் தரப்பை நாங்களே தாக்குவோம் என்பது இவற்றின் பின்னால் இருந்த மிரட்டல்.

இரண்டு பக்கத்தையும் ஒரே தட்டில் வைத்ததுதான் முதல் முக்கிய முடிவு. வழக்கப்படி பார்த்தால் பலமான தரப்போடு சேர்ந்து மற்றவரை விரட்டுவதே எளிது. அப்படிச் செய்திருந்தால் கூட்டமே அன்றைக்கே உடைந்திருக்கும், ஏனென்றால் கூடியிருந்தவர்கள் இரண்டு தரப்பின் ஆட்களும். இருவரையும் வெளியேற்றுவது என்ற ஒரு கோரிக்கையில்தான் எல்லாரும் சேர முடிந்தது. இன்னொரு பலனும் இருந்தது: எதிரியும் கிளம்புகிறான் என்றால் எந்தத் தலைவருக்கும் கிளம்புவதில் மானக்கேடு இல்லை.

நிலத்தைப் பழைய உரிமையாளருக்குத் தருவது என்ற நிபந்தனை பின்னோக்கிப் போவதாகத் தோன்றலாம். ஆனால் அது சமயோசிதம். ஆளுநரின் ஆட்கள் பிடித்து வைத்திருந்த நிலம் திரும்பினால், கோயில்களும் பிரபுக்களும் இந்தக் கலகத்தை எதிர்க்க மாட்டார்கள். கலகக்காரர்களைத் தண்டிக்கச் சொல்லி ஷோகனிடம் முறையிடக்கூடிய ஆட்கள் அவர்கள்தான், அவர்களின் வாயை அடைத்தாயிற்று. வெளி மாகாணத்தாருக்கு மேலாளர் வேலை கூடாது என்றால், அந்த வேலை உள்ளூர் வீரர்களுக்குத்தான் வரும். சாவடி விஷயம் விவசாயிக்கும் பொதிக்குதிரைக்காரருக்கும். ஒவ்வொரு தரப்பும் தன் காரணத்துக்காகவே கையெழுத்துப் போடும்படி அமைந்த பட்டியல் இது. எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள்.

ஒரு வாரத்துக்குள் இரண்டு படைகளும் பின்வாங்கின. மிரட்டலுக்குப் பயந்து மட்டும் இல்லை. அந்தப் படைகளின் உள்ளூர்ப் பகுதி கரைந்துவிட்டது. வழிகாட்ட ஆள் இல்லை, தானியம் தர ஆள் இல்லை, பொதி தூக்க ஆள் இல்லை. விரோதமான மக்கள் நடுவே குளிர்காலத்தில் முகாம் நீடிக்க முடியாது.

பியோதோ-இன் ஆலயத்தில் எழுதிய சட்டம்

அடுத்த ஆண்டு, 1486இல், 2ஆம் மாதம் 13ஆம் நாள் வீரர்கள் மீண்டும் கூடினார்கள். இம்முறை ஊஜி ஊரின் பியோதோ-இன் ஆலயத்தில். 11ஆம் நூற்றாண்டின் ஃபீனிக்ஸ் மண்டபம் இன்றும் நிற்கும் அதே ஆலயம். 1180இல் மினமோத்தோ நோ யொரிமாசா, தைரா குலத்துக்கு எதிராகக் கிளம்பித் தோற்று, இங்கேதான் வயிற்றைக் கிழித்துக்கொண்டு இறந்தார். வீரர் ஆட்சிக்கு வழிவிட்ட கெம்பெய் போர் அங்கிருந்து தொடங்குகிறது. முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, அதே வளாகத்தில், வீரர் ஆளுநர் இல்லாமல் ஒரு பகுதியை நடத்துவது எப்படி என்று விதி எழுதினார்கள்.

ஜின்சொன் இதையும் குறித்துவைத்தார். பாராட்டத்தக்கது என்றார். ஆனால் இது அதிகம் வளர்ந்தால் நாட்டுக்கு நல்லதாக இருக்காது என்று கவலையும் பட்டார். இரண்டே மாதங்களில் அவர் குரலில் கவலையின் பங்கு கூடிவிட்டது. ஒரு கூட்டம் கோபப்பட்டால் கலையும் என்று அவருக்குத் தெரியும். சட்டம் எழுதினால் தங்கிவிடும் என்பதும் தெரிந்திருக்கிறது.

ஆட்சி நடந்த விதம்

நிர்வாகத்தை மாதமாதம் முறை மாற்றிச் செய்தார்கள். அந்த மாதத்துப் பொறுப்பாளர்கள் வழக்குகளை விசாரித்தார்கள், குற்றவாளிகளைத் தண்டித்தார்கள், நில உரிமையாளர்களோடு கடிதப் போக்குவரத்து நடத்தினார்கள். சாதாரணமாக ஆளுநரிடம் இருக்கும் அதிகாரம் இது. ஒருவர் கையில் நிலைத்துவிடாதபடி முறை வைத்தது, கிராமக் கோயில் நிர்வாகத்தில் அவர்கள் ஏற்கெனவே பழகியிருந்த வழக்கம்.

ஆட்சி என்றால் காசு வேண்டும். இங்கேதான் எனக்கு உறுத்தும் முடிவு வருகிறது. நிலங்களின் ஆண்டுத் தண்டலில் பாதியைக் கூட்டமைப்பு எடுத்துக்கொள்ளும் என்று அறிவித்தார்கள். ஹான்சேய் எனப்படும் இந்த ஏற்பாடு 1352இல் முதல் ஆஷிகாகா ஷோகன் தக்காவுஜியின் காலத்தில் வந்தது. போர் நடக்கும் மாகாணங்களில் படையின் செலவுக்காக ஆளுநர்கள் பாதித் தண்டலை எடுத்துக்கொள்ளலாம் என்ற அனுமதி அது. படைகளை வெளியேற்றிய கூட்டமைப்பு, படைகளுக்குத் தீனி போட உருவான அதே கருவியை எடுத்துக்கொண்டது.

நியாயம் இல்லாமல் இல்லை. வேறு வருவாய் வழி எது? சாவடி போட முடியாது, அதைத் தாங்களே தடை செய்தார்கள். புதிய வரி போட்டால் விவசாயி கோபப்படுவார். இருக்கிற தண்டலில் பாதியை எடுத்தால் விவசாயிக்குச் சுமை கூடாது, தூரத்தில் இருக்கும் கோயிலுக்குத்தான் நட்டம். ஆனால் நிலத்தைத் திருப்பித் தருகிறோம் என்று சொன்ன வாக்கு அதோடு பாதியாகிவிட்டது. கோஃபுகுஜி போன்றவர்களின் நல்லெண்ணமும் தேய்ந்தது. விவசாயியின் பார்வையில், முன்பு தண்டலுக்கு வந்தவரின் இடத்தில் இப்போது பக்கத்து ஊர் சாமுராய் நிற்கிறார். 1485இல் வெளியே திரண்டு நின்ற கூட்டம் பியோதோ-இன் மண்டபத்துக்குள் உட்காரவில்லை.

மேலிடம் ஏன் பொறுத்துக்கொண்டது

1486லேயே இசே சதமிச்சி என்பவரை ஷோகன் அரசு யமாஷிரோவின் ஆளுநராக நியமித்தது. அவரால் தெற்கே நுழைந்து ஆள முடியவில்லை. படை அனுப்பி ஏன் நுழையவில்லை?

ஒரு காரணம், கைகள் வேறு வேலையில் இருந்தன. 1487இல் இளம் ஷோகன் யோஷிஹிசா ஓமியில் ரொக்காக்கு குடும்பத்தை அடக்கப் புறப்பட்டு, 1489இல் அந்தப் போர் முகாமிலேயே இறந்தார். அடுத்து வந்த யோஷிக்கியும் அதே ஓமிக்குப் போனார்.

பெரிய காரணம் ஹொசோகாவா மசமோத்தோ. ஓனின் போரின் கிழக்குத் தலைவர் கத்சுமோத்தோவின் மகன். ஹதகெயாமாவின் இரண்டு கிளைகளும் பலவீனமாக இருப்பது அவருக்கு லாபம். அந்த 36 குடும்பங்களில் பலர் அவருடைய ஆட்கள். தெற்கு யமாஷிரோ யாருக்கும் சொந்தமில்லாமல், அதேசமயம் தன் ஆட்கள் கையில் இருப்பது அவருக்கு மிக வசதி. கூட்டமைப்பு அவர் கைப்பாவை என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கவில்லை. 60 வயதுக்காரர் முதல் 15 வயதுப் பையன் வரை கூடி வந்ததை ஒரு தலைவரின் சூழ்ச்சியால் விளக்க முடியாது. ஆனால் அது எட்டு ஆண்டு நீடிக்க அவருடைய குடை தேவைப்பட்டது. குடை பிடித்தவர் மடக்கினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு ஊஜியில் எழுதிய விதிகளில் பதில் இருந்ததாகத் தெரியவில்லை.

1493: முடிவு

யோஷினாரி 1490இன் இறுதியில் இறந்தார். மகன் மொத்தோயியே கவாச்சியில் அவர் இடத்தைப் பிடித்தார். 1493இல் ஷோகன் யோஷிக்கி, மசனாகாவின் யோசனைப்படி, மொத்தோயியேவை ஒழிக்கக் கவாச்சிக்குப் படையோடு போனார். அவர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, 4ஆம் மாதத்தில் மசமோத்தோ கியோட்டோவில் ஷோகனையே மாற்றிவிட்டார். மடத்தில் இருந்த ஆஷிகாகா குடும்பத்துச் சிறுவன் ஒருவனைப் பதவியில் வைத்தார். மசனாகா கவாச்சியில் முற்றுகைக்குள் சிக்கித் தற்கொலை செய்துகொண்டார். மேயோ ஆண்டின் அரசியல் மாற்றம் என்று வரலாற்று நூல்கள் சொல்வது இதைத்தான்.

கூட்டமைப்புக்கு இதனால் மொத்தக் கணக்கும் மாறியது. எந்த இரண்டு படைகளை விலக்கி வைக்க அது உருவானதோ, அவற்றின் தலைவர்கள் இருவருமே இறந்துவிட்டார்கள். மசமோத்தோவின் சூழ்ச்சிக்கு இசே குடும்பம் துணைநின்றது. ஆளுநர் பட்டத்தைக் கையில் வைத்துக் காத்திருந்த அதே குடும்பம். அவர்களுக்குக் கைம்மாறு செய்ய வேண்டும். ஷோகனையே இறக்கியவருக்கு இனி நடுவே யாருக்கும் சொந்தமில்லாத ஒரு பகுதி தேவையில்லை.

8ஆம் மாதத்தில் வீரர்களில் ஒரு பகுதியினர் இசேயை ஆளுநராக ஏற்க ஒப்புக்கொண்டார்கள். தங்கள் தலைவர் மசமோத்தோ சொல்வதை மீற முடியாதவர்கள், அல்லது ஆளுநரின் கீழ் மேலாளர் பதவி கிடைத்தால் போதும் என்று நினைத்தவர்கள். மற்றவர்கள் மறுத்தார்கள். எட்டு ஆண்டுக்கு முன் எல்லாரும் ஒன்றாகக் கேட்ட ஒரு கேள்விக்கு இப்போது இரண்டு பதில் வந்தது.

இசே தரப்பு சோராகு, த்சுசுகி வட்டங்களை அடக்கும் பொறுப்பை ஃபுருயிச்சி சோயினிடம் கொடுத்தது. அவர் யமாத்தோ மாகாணத்துக்காரர். யமாத்தோக்காரர் மேலாளராகக்கூட வரக் கூடாது என்று 1485இல் எழுதிய ஊருக்கு, துணை ஆளுநராகப் படையோடு வந்தவர் யமாத்தோக்காரர். யோஷினாரி பக்கம் நின்ற குடும்பமும்கூட. தேநீர்க் கலையின் முன்னோடி முராத்தா ஜுகோ எழுதிய புகழ்பெற்ற கடிதம் இந்த சோயினுக்குத்தான். தேநீர் பயில்கிறவனுக்குத் தற்பெருமையே முதல் எதிரி என்று சொல்லும் கடிதம் அது. அதே மனிதர்தான் இந்தப் படையெடுப்பை நடத்தினார்.

மறுத்தவர்கள் சோராகு வட்டத்தின் இனயாசுமா கோட்டையில் கூடி நின்றார்கள். 9ஆம் மாதம் சோயின் தாக்கினார், கோட்டை விழுந்தது. உள்ளே இருந்தவர்களின் பெயர்ப்பட்டியல் எதுவும் நமக்கு வரவில்லை. விவசாயிகள் 1485இல் திரண்டதுபோலத் திரண்டு வந்ததாகவும் பதிவு இல்லை.

எதை வேறுவிதமாகச் செய்திருக்கலாம்

படைகள் பெரியவை, ஊர் சிறியது, தோற்றது இயல்பு என்று முடித்துவிடுவது எளிது. 1485இலும் ஊர் சிறியதுதான், படைகள் பெரியவைதான். வித்தியாசம் உள்ளே இருந்தது. இரண்டு இடங்களில் மாற்றம் இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலாவது, வெளித் தலைவர்களோடு இருந்த பிணைப்பு. படைகள் வரக் கூடாது என்று சொன்னார்களே தவிர, நம்மில் எவரும் வெளியே ஒரு தலைவனுக்கு ஆளாக இருக்கக் கூடாது என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கூட்டமே சேர்ந்திருக்காது என்று பதில் வரலாம், அது உண்மையும்கூட. ஆனால் எட்டு ஆண்டுகள் இருந்தன. அந்தக் கயிற்றைத் தளர்த்த ஒரு முயற்சியும் பதிவில் இல்லை.

இரண்டாவது, விவசாயிகள். கூட்டமைப்பின் பலமே வீரர்களும் விவசாயிகளும் ஒரே நாளில் ஒரே கோரிக்கையோடு நின்றது. அதற்குப் பிறகு விதி எழுதும் இடத்திலும் பாதித் தண்டலைச் செலவிடும் இடத்திலும் வீரர்கள் மட்டுமே இருந்தார்கள். காகா மாகாணத்தோடு ஒப்பிட்டால் இது பளிச்சென்று தெரியும். அங்கே 1488இல் ஜோதோ ஷின்ஷு பௌத்தப் பிரிவைச் சேர்ந்த விவசாயிகளும் வீரர்களும் சேர்ந்து ஆளுநர் தொகாஷி மசச்சிக்காவைத் தக்காவோ கோட்டையில் வீழ்த்தினார்கள். விவசாயிகள் வைத்திருக்கும் நாடு என்று பிறர் சொல்லும் அளவுக்கு அது ஏறக்குறைய நூறு ஆண்டுகள், 1580 வரை, நின்றது. அங்கே கிராமத்தையும் வீரனையும் ஒரே வழிபாட்டுக் குழு இணைத்தது. யமாஷிரோவில் அப்படி ஒன்றும் இல்லை.

சோராகு வட்டத்தின் கிழக்கு எல்லையைத் தாண்டினால் ஈகா மாகாணம். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கேயும் ஊர்வீரர்கள் கூட்டமைப்பு வைத்துச் சட்டம் எழுதினார்கள், அது நம் கைக்கு வந்திருக்கிறது. எதிரி நுழைந்தால் ஊர்தோறும் மணி அடிக்க வேண்டும், 17 முதல் 50 வயது வரை உள்ளவர்கள் களத்துக்கு வர வேண்டும். வெளிப் படையை உள்ளே அழைத்து வருபவரின் நிலத்தைப் பறித்துக் குடும்பத்தை அழிக்க வேண்டும். எதிரியின் கோட்டையைப் பிடிக்கும் விவசாயிக்குத் தாராளமாகப் பரிசு கொடுத்து அவரைச் சாமுராய் ஆக்க வேண்டும். அந்த விதிகளை எழுதியவர்கள் யமாஷிரோவை மனத்தில் வைத்து எழுதினார்களா என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் யமாஷிரோ திறந்து விட்டுப்போன இரண்டு கதவுகளையும், வெளித் தலைவனுக்கான கதவையும் விவசாயிக்கான கதவையும், அந்தச் சட்டம் பெயர் சொல்லித் தொடுகிறது. ஈகாவை 1581இல் அடக்க, அப்போது நாட்டின் மிகப் பலமான போர்த்தலைவரான ஓதா நொபுனாகா பல திசைகளிலிருந்தும் பெரும் படையை அனுப்ப வேண்டியிருந்தது. தெற்கு யமாஷிரோவை அடக்க பக்கத்து மாகாணத்துத் துணை ஆளுநர் ஒருவரும் ஒரு கோட்டை மீதான ஒரு தாக்குதலும் போதுமாக இருந்தன.